அட்வான்ஸ் பணம் நம் பணம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் வீட்டுப் பிரச்சினைகளுக்கான உபகுழு சார்பில் பேசப்பட்டது. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)

 

வாரம் முழுக்க பனியன் கம்பெனியில் நின்று வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை ராத்திரி சம்பளம் வாங்கிக்கொண்டு வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் நமக்கு என்று இருப்பது. அதையும் விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

முதலில் ஒரு கேள்வி. வாடகை வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் கையைத் தூக்குங்க பார்க்கலாம். சரி. இதற்கு முன்னாடி இருந்த வீட்டைக் காலி செய்தபோது அட்வான்ஸை முழுசாகத் திரும்பி வாங்கினவர்கள் மட்டும் கையை அப்படியே வைங்க. மற்றவர்கள் இறக்கிடுங்க.

பார்த்தீங்களா? எத்தனை கை கீழே போயிருச்சுன்னு! இன்றைக்கு நாம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

இது எப்படிக் குழுவின் பிரச்சினை?

வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள கணக்கில் குழுவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். நம் குழுக்களின் கடன் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். படிப்புச் செலவு, மருத்துவம், சீர்செலவு என்று எழுதியிருப்பதற்கு நடுவில் "வீட்டு அட்வான்ஸ்" என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறது! ஆக, வீட்டுக்காரர் கையில் இருக்கும் அந்தப் பணம் நாம் எல்லோரும் வாரா வாரம் போட்ட சந்தா. அது திரும்பாவிட்டால் ஒரு குடும்பத்துக்கு மட்டும் நஷ்டம் இல்லை. அந்தக் கடன் நிலுவையில் நிற்கும். அடுத்து கடன் கேட்டுக் காத்திருக்கும் சகோதரிக்கும் பணம் இருக்காது.

மூன்று மாதம் அலைந்த கதை

நம் உறுப்பினர் ஒருவர் கதையைச் சொல்கிறோம். அவர் இங்கேதான் இருக்கிறார். பேர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை.

லைன் வீடு. ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, வெளியே பொதுக் கக்கூஸ். வாடகை மாதம் 5,000 ரூபாய். அட்வான்ஸ் 30,000. அதில் 20,000 குழுக் கடன், மீதி தோட்டை அடகு வைத்த பணம். நான்கு வருடம் இருந்தார். ஒரு மாதம்கூட வாடகை பாக்கி வைத்தது இல்லை. மகளைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று, ஒரு மாதம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வீட்டைக் காலி செய்தார். சாவியையும் கொடுத்துவிட்டார்.

அட்வான்ஸ் கேட்டதற்கு வீட்டுக்காரர், "அடுத்த ஆள் குடி வரட்டும் அம்மிணி, உடனே குடுத்தர்றேன்" என்றார். அடுத்த ஆளும் குடி வந்தாச்சு. "அந்தப் பணத்துல பையனுக்கு ஃபீஸ் கட்டிட்டேன், அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார். அடுத்த மாதம் போனால், "சுவரெல்லாம் ஒரே அழுக்கு, பெயிண்ட் அடிக்கவே எட்டாயிரம் ஆச்சு, கரண்ட் பில்லு, குழாய் எல்லாம் போக மிச்சம் கொஞ்சந்தான்" என்றார். அதற்கடுத்த முறை போன் எடுக்கவே இல்லை.

இந்த மூன்று மாதமும் குழுக் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் 20,000-க்கு மாதம் 200 ரூபாய். புது வீட்டு அட்வான்ஸுக்கு வெளியில் கந்துவட்டிக்கு வாங்கியிருந்தார். இரண்டு பக்கமும் வட்டி! ஒரு நாள் குழுக் கூட்டத்தில் தவணை கட்ட முடியாமல் அழுதுவிட்டார். அப்போதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

நாங்கள் முதலில் கேட்டது, "பேப்பர் ஏதாவது இருக்கா?" என்றுதான். இரும்புப் பெட்டியைத் துழாவினதில் முதல் வருடம் எழுதிய ஒப்பந்தப் பத்திரம் கிடைத்தது. அட்வான்ஸ் ரூபாய் முப்பதாயிரம் என்று எண்ணாலும் எழுத்தாலும் அதில் எழுதியிருந்தது. வீட்டுக்காரர் கையெழுத்தும் இருந்தது. வாடகையை கூகுள் பேயில் அனுப்பியதால் வங்கிக் கணக்கிலும் ஆதாரம் இருந்தது. குழுத் தீர்மான நோட்டில் "வீட்டு அட்வான்ஸுக்காக 20,000" என்று தேதியோடு இருந்தது. இவ்வளவு இருந்தால் போதும் என்று தைரியம் வந்தது.

கடிதம் எழுதி அனுப்பினோம். பதில் இல்லை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தோம். அங்கிருந்து அவருக்கு அழைப்பு போனது. வந்தார். உட்கார வைத்து, கணக்கை வரி வரியாகப் பேசினார்கள். கரண்ட் பில் பாக்கி 1,240 ரூபாய். அது நம் செலவு, ஒத்துக்கொண்டோம். உடைந்த குழாய் மாற்றியது 350 ரூபாய். அதையும் ஒத்துக்கொண்டோம். பெயிண்ட் செலவை ஒத்துக்கொள்ள மாட்டோம் என்றோம். கடைசியில் 1,590 போக 28,410 ரூபாய் தருவது என்று முடிவானது. 15,000 அன்றைக்கு, மீதி 13,410 அடுத்த மாதம். இரண்டு தவணையும் வந்து சேர்ந்தது.

நாங்கள் தோற்ற கதை

ஜெயித்ததை மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. இன்னொரு உறுப்பினர் 25,000 ரூபாய் கையில் ரொக்கமாகக் கொடுத்தார். பத்திரம் இல்லை, ரசீது இல்லை. "தெரிஞ்சவங்கதானே" என்று விட்டுவிட்டார். வாடகையும் ரொக்கம்தான். வீட்டுக்காரர் திடீரென்று இறந்துபோனார். பிள்ளைகள், "எங்கப்பா அப்படி எதுவும் சொல்லலியே" என்று கையை விரித்துவிட்டார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்றுகூட எங்களால் சொல்ல முடியவில்லை. நிஜமாகவே தெரியாமலும் இருக்கலாம். நாலு முறை போய்ப் பேசினோம். கடைசியில் 5,000 ரூபாய் இரக்கப்பட்டுக் கொடுத்தார்கள். மீதி 20,000 போனது போனதுதான்.

இரண்டு பேரும் உழைப்பாளிகள்தான். இரண்டு பேருக்கும் குழு துணை நின்றது. வித்தியாசம் ஒரே ஒரு தாள்தான். அட்வான்ஸ் திரும்பி வருமா வராதா என்பது வீட்டைக் காலி செய்கிற அன்றைக்கு முடிவாவதில்லை. பணம் கொடுக்கிற அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. இந்த ஒன்றை மட்டும் இன்றைக்கு எல்லோரும் மனசில் வைத்துக்கொண்டு போனால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் ஒரு புதுச் சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நில உரிமையாளர்கள், குத்தகைதாரர்கள் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் அது. நகர்ப்புறப் பகுதிகளுக்கானது. நமக்கு வேண்டிய விஷயங்களை மட்டும் சொல்கிறோம்.

ஒன்று: அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டு எழுதியிருந்தால் அதுதான் செல்லும். அதனால் பத்து மாத அட்வான்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சட்டம் பேச முடியாது. பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்னாடி.

இரண்டு: வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். நாம் தர வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொள்ளலாம். "அடுத்த ஆள் வரட்டும்" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

மூன்று: எந்தப் பழுது யார் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையில் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பது, பைப் லைன் மாற்றுவது, வயரிங் வேலை இதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய், வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்சு, பிளக், பூட்டு, ஜன்னல் கண்ணாடி இதெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. இதிலும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படிதான். "காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம்" என்று ஒரு வரி பல பத்திரங்களில் இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் குழுவில் யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நான்கு: வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர் அந்த அதிகாரி. இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், பதிவு எண் ஒன்று தருவார்கள். பதினொரு மாதத்துக்கு எழுதினால் பதிவு வேண்டாம் என்பது சார்பதிவாளர் அலுவலகக் கணக்கு. இந்தச் சட்டத்துக்கு அது பொருந்தாது.

இன்னொன்று. அட்வான்ஸ் இரண்டு மாதம்தான் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. அது 2021-இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சட்டத்தில் உள்ளது. நம் மாநிலத்துக்கு 2017-ஆம் வருடத்துச் சட்டம்தான். தப்பான சட்டத்தைச் சொல்லிச் சண்டை போட்டால் நம் பேச்சுக்கு மதிப்பு போய்விடும்.

காலி செய்யும்போது என்ன செய்வது?

ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறதோ அதன்படி எழுத்தில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி. வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

சாமான் எடுத்த பிறகு வீட்டைக் கூட்டித் துடைத்து, ஒவ்வொரு சுவரையும், குழாயையும், சுவிட்சையும் போனில் படம் எடுங்கள். கரண்ட் மீட்டர் ரீடிங்கையும் படம் எடுங்கள். வீட்டுக்காரரைக் கூட நிற்க வைத்துக் காட்டுங்கள்.

சாவியைச் சும்மா கொடுக்காதீர்கள். "இன்ன தேதியில் சாவி பெற்றுக்கொண்டேன், அட்வான்ஸ் இவ்வளவு தர வேண்டியுள்ளது" என்று ஒரு துண்டுத் தாளிலாவது கையெழுத்து வாங்குங்கள். ஒரு மாதக் கணக்கு நாம் காலி செய்த தேதியிலிருந்துதான் ஓடும். அந்தத் தேதிக்கு அத்தாட்சி வேண்டுமல்லவா?

சிலர், "எப்படியும் தர மாட்டார், கடைசி மூன்று மாதம் வாடகை கொடுக்காமல் கழித்துவிடலாம்" என்று யோசனை சொல்வார்கள். வீட்டுக்காரர் எழுத்தில் ஒத்துக்கொண்டால் செய்யலாம். இல்லாமல் நாமாகச் செய்தால் வாடகை பாக்கி என்று ஆகிவிடும். நியாயம் நம் பக்கம் இருக்கும்போது தப்பை நாமே ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

கடிதம் எழுதும் விதம்

ஒரு மாதம் தாண்டியும் பணம் வரவில்லை என்றால் கடிதம் எழுதுங்கள். கோபம் வேண்டாம், சாபம் வேண்டாம். கணக்கு மட்டும் போதும். மாதிரிக்கு:

"ஐயா, வணக்கம். தங்களது வீட்டில் ..... தேதி முதல் ..... தேதி வரை மாத வாடகை ரூ. ..... கொடுத்துக் குடியிருந்தேன். அட்வான்ஸாக ரூ. ..... தங்களிடம் கொடுத்துள்ளேன். ..... தேதியில் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்துவிட்டேன். வாடகை பாக்கி எதுவும் இல்லை. சட்டப்படி ஒரு மாதத்துக்குள் தர வேண்டிய அட்வான்ஸ் தொகை இதுவரை வரவில்லை. பிடித்தம் ஏதும் இருந்தால் ரசீதுடன் எழுத்தில் தெரிவிக்கவும். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எனது வங்கிக் கணக்கில் தொகையைச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் சட்டப்படி மனு செய்ய நேரிடும்."

இரண்டு நகல் எழுதி ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். முன்பு பதிவுத் தபால் என்போம். 2025-இல் அதை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

பல வீட்டுக்காரர்கள் இந்தக் கடிதத்தைப் பார்த்தவுடனே பேச வந்துவிடுகிறார்கள். வந்தால் மரியாதையாகப் பேசுங்கள். குழுவிலிருந்து இரண்டு பேர் மூன்று பேர் கூடப் போனால் போதும். முப்பது பேர் தெருவில் போய் நின்று சத்தம் போட்டால், நம் மேலேயே போலீசில் மனு கொடுத்துவிடுவார்கள். பணப் பிரச்சினை பின்னுக்குப் போய், சண்டை முன்னுக்கு வந்துவிடும்.

இலவச சட்ட உதவி

கடிதத்துக்கும் மசியவில்லை என்றால்? போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் பெரும்பாலும் "இது சிவில் மேட்டரும்மா" என்று அனுப்பிவிடுவார்கள். வக்கீல் வைக்கப் பணம் ஏது என்று நாம் பயப்படுகிறோம். 1987-ஆம் வருடத்து சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானக் கணக்கே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பெண் என்பது ஒன்றே போதும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தாலுகா நீதிமன்றத்தில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

அங்கே வழக்குக்கு முன்னாலேயே சமரச மனு கொடுக்கலாம், கோர்ட் கட்டணம் கிடையாது. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால், அந்தத் தீர்வுக்கு சிவில் கோர்ட் தீர்ப்பின் பலம் உண்டு, அதன்மேல் அப்பீல் இல்லை. ஆனால் எதிர்த் தரப்பு வரவே மறுத்தால் அங்கே கட்டாயப்படுத்த முடியாது. அப்போது வாடகை நீதிமன்றத்துக்கா, வேறு எங்கே என்று நம் பேப்பர்களைப் பார்த்து அங்குள்ள வழக்கறிஞர் வழி சொல்வார். கிராமப் பஞ்சாயத்துப் பகுதியில் இருப்பவர்களும் இதே அலுவலகத்துக்குப் போகலாம். ரொம்ப நாள் ஆறப்போடாதீர்கள். பணம் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருடம்தான் கெடு.

லீஸ், ஒத்தி எடுப்பவர்களுக்கு

மாத வாடகை இல்லாமல் மூன்று லட்சம், ஐந்து லட்சம் மொத்தமாகக் கொடுத்து ஒத்திக்கு இருப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அந்த வீட்டின் மேல் பேங்க் கடன் இருந்து, வீட்டுக்காரர் தவணை கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்கே வந்துவிடும். பணம் கொடுப்பதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். பெரிய பணம் என்றால் பயமும் கொஞ்சம் பெரியதாக இருக்கட்டும்.

வீட்டுக்காரம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை

நம் குழுக்களிலேயே இரண்டு ரூம், மூன்று ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல இந்தக் கூட்டம் இல்லை. வாடகையை நம்பியே வாழும் விதவைச் சகோதரிகளும் உண்டு. குடியிருந்தவர்கள் சொல்லாமல் ஓடிப்போய் அவர்கள் நஷ்டப்பட்டதும் உண்டு. ஆனாலும் ஒன்று. அட்வான்ஸ் என்பது வருமானம் இல்லை, அடுத்தவர் பணம். அதைச் செலவு செய்துவிடாமல் தனியாகப் போஸ்ட் ஆபீசிலோ பேங்கிலோ போட்டு வையுங்கள். வெளி வீட்டுக்காரரிடம் நாம் நியாயம் கேட்க வேண்டுமானால் நம் வீட்டில் முதலில் நியாயம் இருக்க வேண்டும்.

நாம் எடுக்க வேண்டிய முடிவு

உபகுழு மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறது.

1. இனி வீட்டு அட்வான்ஸுக்கு என்று கடன் கேட்டால், தொகையை உறுப்பினரின் வங்கிக் கணக்கு வழியாக வீட்டுக்காரர் கணக்குக்கே அனுப்ப வேண்டும். ரொக்கம் தவிர்க்க முடியாவிட்டால் கையெழுத்திட்ட ரசீது வேண்டும்.

2. ஒப்பந்த நகல் ஒன்று குழுவின் கோப்பில் இருக்க வேண்டும். இரும்புப் பெட்டி தொலைந்தாலும் நகல் இருக்கும்.

3. வீடு காலி செய்து ஒரு மாதம் ஆகியும் அட்வான்ஸ் வராதவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் அடுத்த கூட்டத்திலேயே சொல்ல வேண்டும். கடிதம் எழுத உபகுழு கூட இருக்கும்.

அந்தச் சகோதரி மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் தனியாக அலைந்தார். "என் வீட்டுக் கஷ்டத்த ஏன் குழுவுல சொல்லணும்னு நெனச்சேன்" என்றார். முதல் மாதமே சொல்லியிருந்தால் இரண்டு மாத வட்டி மிச்சம், கண்ணீரும் மிச்சம். கடைசித் தவணை வந்த அன்று அவர் முதலில் மீட்டது அடகு வைத்த தோட்டைத்தான். இன்றைக்குக் காதில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வாடகைப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இருந்தால் போனில் படம் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால், குடியிருக்கும்போதே, உறவு நன்றாக இருக்கும்போதே, வீட்டுக்காரரிடம் பக்குவமாகக் கேட்டு ஒரு தாள் எழுதி வாங்குங்கள்.

மூன்று தீர்மானங்களுக்கும் சம்மதம் என்பவர்கள் இப்போது கையைத் தூக்குங்க. இந்தத் தடவை எந்தக் கையும் இறங்க வேண்டாம்.